மஞ்சள் தண்ணீரில் பேக்கன்

எங்கள் வீட்டுக்கு வரும் எழுத்தையெல்லாம் படித்துச் சொல்வது என் வேலை. மூன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். மாத்திரை அட்டை, சபை நோட்டீஸ், ரேஷன் கடைத் தாள், கல்யாணப் பத்திரிகை, எதுவாக இருந்தாலும் அம்மா அதை என் முன்னால் நீட்டுவாள். "இன்னா போட்டுக்கீது, பாரு" என்பாள். அவளும் அப்பாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் அல்ல. அந்த வேலை என் கையைவிட்டுப் போனதற்குப் பேரீச்சம்பழமும் பேக்கனும் காரணம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் தினமும் ரயிலில் போய்வரும் பெங்களூர் ஆபீஸ் கொடுத்த விருந்தில்தான் அதை முதலில் பார்த்தேன். கையுறை போட்ட ஒருவர் தட்டை நீட்டினார். கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தின் மேல் மெல்லிய கறித்துண்டைச் சுற்றிப் பல்குத்தும் குச்சி செருகியிருந்தது. கடித்தால் வெளியே உப்பும் புகையும், உள்ளே வெல்லம் போல இனிப்பு. மூன்றாவதைத் தின்றுகொண்டே இது என்ன கறி என்று கேட்டேன். "பேக்கன் சார். போர்க்" என்றார்.

கோலார் தங்கவயலில், ஊரிகத்தில், எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் ஞாயிற்றுக்கிழமையானால் பாதி வீடுகளில் பன்றிக்கறி கொதிக்கும். திங்கட்கிழமை மிச்சக் குழம்பை டிபனில் கொண்டுபோய், மூடியைக் குடை மாதிரி பிடித்து மறைத்துக்கொண்டு சாப்பிடுவேன். எட்டாம் வகுப்பில் பக்கத்தில் இருந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனான். இங்கே அதே கறியைக் கோட்டு போட்டவர்கள் தட்டைத் துரத்திப் போய் எடுக்கிறார்கள்.

என் வேலை நிரந்தரமானபோது எங்கள் டீம் லீடர் மேடமும் இன்னும் இரண்டு பேரும், "உங்க ஊருக்கு வர்றோம், சயனைடு மேட்டைக் காட்டு, உங்க வீட்டுலயே சாப்பாடு" என்றார்கள். சயனைடு மேடு என்றால் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவுமண் குன்று. அப்போதே முடிவு செய்துவிட்டேன். இவர்கள் என் வீட்டில் உட்கார்ந்து பன்றிக்கறி சாப்பிட வேண்டும். மூடி வைத்து மறைக்காமல் சாப்பிட வேண்டும்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, பெங்களூரில் இரண்டு பாக்கெட் பேக்கன் வாங்கி, ஐஸ் வைத்துச் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். செல்போனில் அந்தச் செய்முறையை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. எங்களிடம் ஓவன் அடுப்பு கிடையாது. தோசைக்கல்லில் சுற்றிச் சுற்றிப் புரட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஞாயிறு காலை கொட்டை எடுத்த பழங்களுக்குள் பாதாம் திணித்துக்கொண்டிருந்தேன். அம்மா பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இன்னாடா இது, இவ்ளோ மெல்லிசா கீது. கறிக்கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டானா?"

"இது அப்டித்தாம்மா இருக்கும். பழத்து மேல சுத்தணும்."

"பழத்துக்குச் சட்டை தெக்கிறியா? உங்க மேடம் அளவு குடுத்தாங்களா?"

சிரித்துக்கொண்டே குளிக்கப் போனேன். மொத்தம் பத்து நிமிடம் இருக்காது. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அடுப்பில் குண்டானில் ஏதோ தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீர். அதில் என் பேக்கன் முழுவதும், இரண்டு பாக்கெட்டும், நாடா நாடாவாகச் சுருண்டு மிதந்தது.

பன்றிக்கறி என்றால் எங்கள் லைனில் யாரும் அப்படியே சட்டியில் போட மாட்டார்கள். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் கழுவி, ஒரு கொதி விட்டு, அந்த நீரை வடித்த பிறகுதான் சமையலே தொடங்கும். அம்மா எனக்கு உதவியாகத் தனக்குத் தெரிந்த முதல் வேலையை முடித்து வைத்திருந்தாள்.

"கவிச்சி போவணும்ல. நல்லா கழுவிட்டேன். ஒரே உப்பு, எவன் உப்பு போட்டான்னு தெரில" என்றாள்.

புகையெல்லாம் போச்சு, உப்பு போச்சு. பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். இங்கே எந்தக் கடையில் போய்ப் பேக்கன் கேட்பேன்?

"உன்ன யாரு இதத் தொடச் சொன்னது?"

"கறிடா. கழுவாம எப்டி..."

"கவர்ல எல்லாம் போட்டிருக்கும்மா. உனக்குத்தான் படிக்கத் தெரியாதே. உனக்கு எப்டித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. இருபத்தாறு வருடத்தில் அந்த வாக்கியத்தை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மாவைப் பார்த்து ஊரில் எவராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

அம்மா கோபப்படவில்லை. குப்பைக் கூடையிலிருந்து கவரை எடுத்தாள். முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"உனக்குத் தெரியுமே. படி. இன்னா போட்டுக்கீது?"

வாங்கித் திருப்பினேன். பின்பக்கம் ஆங்கிலத்தில் இரண்டே வரி. பச்சை இறைச்சி. உண்ணும் முன் நன்றாக வேகவைக்கவும்.

நான் அதைப் படிக்கவே இல்லை. வாங்கியபோதும் இல்லை, ரயிலில் இரண்டு மணி நேரம் மடியில் வைத்திருந்தபோதும் இல்லை. படம் பார்த்தேன், படிக்கவில்லை. இரண்டு வரியையும் தமிழில் சொன்னேன்.

"அதத்தானே பண்ணேன்" என்றாள். அடுப்பை அணைத்துத் தண்ணீரை வடிக்கப் போனாள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து சுற்றினோம். கொதித்த பேக்கன் ரப்பர் மாதிரி வளைந்துகொடுத்தது. அவள் சுற்றியது ஒன்றுகூட அவிழவில்லை, நான் சுற்றியவை குச்சிக்கு அடங்காமல் விரிந்தன. காலையில் இருந்த கேலி எதுவும் இல்லை. தோசைக்கல்லில் மிளகுத்தூள் தூவிப் புரட்டியபோது எல்லாம் பொன்மஞ்சளாக முறுகி வந்தன. ஆபீஸ் விருந்தில் பார்த்ததைப் போல ஒன்றுகூட இல்லை.

வந்தவர்கள் தட்டைக் காலி செய்தார்கள். மூடி இல்லாமல், எங்கள் பாயில் உட்கார்ந்து. நான் ஆசைப்பட்டது அச்சாக நடந்தது. நான்தான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எங்கள் டீம் லீடர் மேடம் கன்னடத்தில், யார் செய்தது, இந்த மஞ்சள் யாருடைய யோசனை என்று கேட்டார். அம்மாவுக்குக் கன்னடம் நன்றாக வரும். அவளுக்குப் புரியட்டும் என்றே நானும் கன்னடத்தில், அம்மாதான் செய்தாள் என்றேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா உடனே மறுத்தாள். "இல்ல மேடம், எல்லாம் அவன்தான். நான் கழுவினேன், அவ்ளோதான்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம், கார் போன பிறகு, அவள் பாத்திரம் விளக்கும் இடத்தில் போய் நின்றேன்.

"காலைல நான் அப்டிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"நீ இன்னா பொய்யா சொன்ன?" என்றாள். நிமிரவில்லை. "அந்தக் குண்டான எடு."

சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாளிலிருந்து டிபன் கட்டிக் கொடுத்தாள், பழையபடி பேசினாள், அப்பாவிடம் பழத்துக்குச் சட்டை தைத்த கதையைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். படிக்கத் தெரியாதே என்ற பகுதியை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேலை முடிந்து ரயில் இறங்கி நடந்து வந்தேன். எதிர்வீட்டுப் படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளைப் பிடித்து விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கார்டுக்குக் கைரேகை வைக்க எந்தக் கிழமை வர வேண்டும் என்ற தாள். எங்கள் வீட்டுத் தாள்.

தெருவிலேயே நின்றுவிட்டேன். தோளில் பை இழுத்தது. அம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்கும்போதும் அப்படித்தான் தலையாட்டுவாள்.

"குடும்மா, நான் படிக்கிறேன்" என்றேன்.

அம்மா தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"படிச்சாச்சுபா. நீ போய் மூஞ்சி கழுவு."