நாகவேணியின் மூன்றாவது பாரா

மாலதேஷ் வேலையை விட்டு டப்ளினுக்கு விமானம் ஏறியது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மத்தியானம் பசவனகுடி அலுவலகத்தில் வழியனுப்பு விருந்து. வாங்கிபாத் என்னும் கத்தரிக்காய் சாதத்திலிருந்த முந்திரியையெல்லாம் வழக்கம்போல அவனே பொறுக்கித் தின்றான். கை கழுவப் போனவனை நாகவேணி மடக்கினாள்.

"டேய், தேடினது கிடைக்கலேன்னா உன் கருவி என்னத்தக் கொண்டாந்து கொடுக்கும்?"

"டாக்சி நிக்குதுக்கா. புரோகிராமைப் படிங்க, எல்லாம் அதுலயே இருக்கு."

"படிச்சேன். உன் கையெழுத்தே தேவலை."

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

நாகவேணிக்கு நாற்பத்து மூன்று வயது. சிர்சி ஊர்க்காரி. பத்து வருஷம் மிக்ஸிக்கும் குக்கருக்கும் கையேடு எழுதியவள். மூடியைத் திறக்காதே என்றால் மட்டும் போதாது, திறந்தால் என்ன ஆகும் என்றும் எழுத வேண்டும் என்பது அவள் கட்சி. இப்போது அவள் எழுதுவதைப் படிப்பது இயந்திரம். அவளுடைய கம்பெனி, ஏஐ என்கிற செய்யறிவு உதவியாளர்களுக்கு ஞாபகக் கிடங்கு கட்டி விற்றது. வாடிக்கையாளர் சொல்வதெல்லாம் கிடங்கில் சேரும். வேண்டும்போது எடுத்துவர மாலதேஷ் செய்த மென்பொருள் கருவி இருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உதவியாளர் தெரிந்துகொள்வது கருவியோடு வரும் விளக்கத்தைப் படித்துத்தான். மாலதேஷ் எழுதி வைத்த விளக்கம் ஒரே வரி: 'ஞாபகத்தைத் தேடும்.'

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கருவியை நோண்டியதில் குட்டு வெளிப்பட்டது. கேட்டது இல்லையென்றால் அது வெறுங்கையோடு திரும்பாது. கைக்கு அகப்பட்ட யாருடைய ஞாபகத்தையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடும். அப்போதைக்கு அகப்பட்டதெல்லாம், சோதனைக்காக மாலதேஷ் தன்னைப் பற்றியே எழுதிப் போட்டிருந்த சமாசாரங்கள்.

நாகவேணி மூன்று பாரா எழுதினாள். மூன்றாவது இது: 'யாருக்காகத் தேடுகிறாயோ அவருடைய வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்துத் தேடு. பொருத்தம் குறைவாக இருந்தால் அது அவருடைய ஞாபகம் அல்ல. தெரியாது என்று சொல்.'

திங்கட்கிழமை முதலாளி பிரஹ்லாத் அந்த மூன்றாவதை அடித்துவிட்டார்.

"தெரியாதுன்னு சொல்ற மெஷினை யாருங்க வாங்குவா? புதன்கிழமை டெமோ நல்லா முடியட்டும். அடுத்த மாசத்துலேர்ந்து விளக்கத்தையும் மெஷினே எழுதிக்கும். உங்க நாற்காலி எதுக்குன்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"சரி ஸார்" என்றாள் நாகவேணி. அவள் அவ்வளவு இனிமையாகச் சரி சொன்னதை அந்த அலுவலகம் அதற்குமுன் கேட்டதில்லை.

புதன்கிழமை டெமோ பார்க்கச் சிக்கமகளூரிலிருந்து ஷராவதி கௌடா வந்தார். ஏழு தங்கும் விடுதிகளுக்குச் சொந்தக்காரி.

"விருந்தாளியா நீங்களே பேசுங்க ஸார், எடுப்பா இருக்கும்" என்றாள் நாகவேணி.

பிரஹ்லாத் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் பெயரைச் சொல்லி, அறை தயாரா என்று விசைப்பலகையில் தட்டினார். பெரிய திரையில் பதில் வந்தது:

'நீங்கள் மறுபடி வந்ததில் மகிழ்ச்சி, பிரஹ்லாத் அவர்களே! பல்லியைக் கண்டால் நீங்கள் கட்டில்மேல் ஏறிவிடுவீர்கள் என்பதால் அறையை நன்றாகச் சோதித்துவிட்டோம். வாங்கிபாத்துக்கு முந்திரி தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.'

"பல்லின்னா அவ்வளவு பயமா ஸார்?" என்றார் ஷராவதி.

"ஐயோ, அது நான் இல்லீங்க!"

"கட்டில்லேர்ந்து இறங்கினதும் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

நாகவேணி மூன்றாவது பாராவை விளக்கத்தில் மறுபடி ஒட்டிவிட்டு மறுபடி கேட்கச் சொன்னாள். இப்போது பதில்: 'உங்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. சொன்னால் குறித்துக்கொள்கிறேன்.'

ஷராவதி சிரிப்பை நிறுத்தினார். "என்கிட்ட வர்றவங்கள்ல சிலபேர் ஒரு தடவை பொண்டாட்டியோட வருவாங்க, மறு தடவை வேற யாரோடயோ வருவாங்க. ஒருத்தர் ஞாபகம் இன்னொருத்தர்கிட்ட போச்சுன்னா நான் கடையைக் கட்டிட வேண்டியதுதான். இந்தப் பாரா இருந்தா வாங்கறேன். எழுதினவங்களும் இருக்கணும்."

"இருப்பாங்க, இருப்பாங்க" என்றார் பிரஹ்லாத், அவசரமாக.

மறுநாள் அவர் அறைக் கதவில் ஒரு ரப்பர் பல்லி ஒட்டியிருந்தது. தான் ஒட்டவில்லை என்று நாகவேணி சத்தியம் செய்தாள். அவளை யாரும் கேட்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்து, அதே நாற்காலியில் அவள் இருந்தபோது, ஷராவதியிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

'நாகவேணி மேடம், நேத்து எங்க வீட்டுக்காரர் சும்மா இருக்காம உங்க உதவியாளர்கிட்டப் பேச்சுக் கொடுத்தார். உங்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாதுன்னுடுச்சு. எங்க எல்லா விடுதியும் தன் பேர்லதான் ஓடுதுன்னு நினைச்சிட்டிருந்த மனுஷன், ராத்திரி சரியாவே சாப்பிடலை. பிரஹ்லாத் ஸார் என்ன சொன்னாலும் அந்தப் பாராவை எடுத்துடாதீங்க.'