லண்டனுக்கு ஒரு டப்பா கத்திரிக்காய்

கரீமுல்லா ராயப்பேட்டையில் கல்யாண பிரியாணி செய்கிறவர். ஐந்நூறு பேருக்கு தம் போடச் சொன்னாலும் அசரமாட்டார். விமானத்தில் மட்டும் இதுவரை கால் வைத்ததில்லை.

மகள் புஷ்ரா லண்டனில் இருக்கிறாள். மூன்று மாதக் கர்ப்பம். எது தின்றாலும் வாந்தி. ஒருநாள் போனில், "அப்பா, பிரியாணிக்கு நீங்க பண்ற கத்திரிக்காய் கெடைச்சா ரெண்டு வாய் சாப்டுவேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

பள்ளியில் அவளுக்குக் கணக்கு எடுத்த ராகவேந்திரன் சார், மகன் வீட்டுக்கு லண்டன் போவதாகத் தெரிந்தது. கரீமுல்லா மயிலாப்பூரில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தாராளமா எடுத்துண்டு போறேன் பாய். ஆனா ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகினாலும் என் வேஷ்டியெல்லாம் போச்சு."

"எவ்ளோ தூரம் சார்?"

"எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பறக்கவே பத்தரை மணி நேரம். ஏர்போர்ட்ல காத்துண்டிருக்கறது, அங்க வீடு போய்ச் சேர்றது எல்லாம் சேர்த்து பதினஞ்சுன்னு வெச்சுக்கோங்கோ."

பதினைந்து மணி நேரம் குலுங்கினால் டப்பா என்ன ஆகும்? அதைப் பார்க்க கரீமுல்லாவுக்குத் தெரிந்தது ஒரே வழி. மாநகர பஸ்.

அண்டாவுக்கு தம் போடுகிற மாதிரியே மூடியைச் சுற்றி மைதா மாவைப் பூசினார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு ஏறினார். அண்டா வைத்த இடத்தில் இருக்கும். பஸ் இருக்குமா? பெருங்குடிப் பள்ளத்தில் ஒரு தூக்கு தூக்கியது. காய்ந்த மாவு விட்டுப்போய், எண்ணெய் லுங்கியில் இறங்கியது.

"லண்டன் போறேன்னு கெளம்பி பெருங்குடியிலயே எறங்கிட்டீங்களா?" என்றாள் மனைவி ஜைதூன் பீ. "கொழம்பா எதுக்கு அனுப்பணும்? அல்வா மாதிரி சுண்ட வையுங்க. அங்க சுடுதண்ணி இல்லியா?"

"முப்பது வருஷமா எண்ணெ மெதக்க மெதக்கப் போட்ட கை இது."

"மெதந்துதானே லுங்கிக்கு வந்துச்சு."

முறைத்தார். ஆனால் சுண்டவைத்தார். கரண்டியை நட்டால் நிற்கிற பதம் வந்ததும் இறக்கினார். நன்றாக ஆறவிட்டு அடைத்துக்கொண்டு, மறுநாள் மறுபடி பஸ். அடையாறு, பெருங்குடி, தி.நகர், மறுபடி அடையாறு.

மூன்றாவது தடவை அதே பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் பிடித்துக்கொண்டார். "இன்னா பாய், காலைலர்ந்து சுத்திக்கினு கீற? ஊட்ல தொரத்திட்டாங்களா?"

"லண்டன் போய்க்கினு கீறேன் நைனா."

"அப்ப உள்ள தள்ளி நில்லு. லண்டன் கடைசி ஸ்டாப்பு."

அன்றைக்கு முழுக்கச் சுற்றியும் இருநூறு கிலோமீட்டர் தாண்டியிருக்காது. நேரம் மட்டும் லண்டனுக்குச் சரியாக இருந்தது. டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. மறுநாள் காலை தின்றும் பார்த்தார். கெடவில்லை. புதிதாக ஒன்று செய்து சாரிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் புஷ்ரா சுடுசோற்றில் பிசைந்து வாயில் வைத்தாள். இந்தப் பக்கம் இரண்டு பேரும் வாய் வாயாக எண்ணினார்கள். ஒரு வாய். இரண்டு. நான்கு. உள்ளே போனது உள்ளேயே இருந்தது. ஐந்தாவது வாயில் முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, உப்பு தூக்கலா இருக்கு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும். கரீமுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"சுண்ட வெச்சதும்மா, அப்படித்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ."