இரண்டு பேருக்கு ஒரே மாவு

என் மகளுக்கு ஏழு மாதம் முடிந்ததும் என் மனைவி ஆபீசுக்குத் திரும்பினாள். காலை ஆறு மணிக்கே அவளுக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். எனக்கு ஒரு பம்ப் கம்பெனியில், தயாரான பம்புகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை, மதிய ஷிஃப்ட். ஆகவே காலையில் குழந்தைக்கு ஊட்டுவதும், அவளுக்கு வேண்டியதைக் கடையில் வாங்குவதும் என் தலையில் விழுந்தன. விழுந்தன என்று சொல்வது பொய். நானேதான் ஆசையாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். வேறு யார் வாங்கி வந்தாலும் எனக்குத் திருப்தி வராது.

பீளமேட்டில் எங்கள் தெருமுனை டிபார்ட்மென்ட் ஸ்டோரில், குழந்தைச் சாமான் அலமாரிக்கு முன்னால் நான் ஒரு மணி நேரம் நிற்பேன். டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படிப்பேன். சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நூறு கிராம் என்ன விலை விழுகிறது என்று பார்த்துவிட்டு, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். கார்ட்டூன் பொம்மை போட்ட எதையும் தொடுவதில்லை என்று எனக்கு ஒரு சட்டம் உண்டு. பொம்மைக்கும் நாம்தானே காசு கொடுக்கிறோம்!

"ஏனுங்ண்ணா, போன வாரமும் இதே டப்பாவத்தான படிச்சீங்க? பரீட்சை ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று அங்கே வேலை செய்யும் பெண் ஒருநாள் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அந்த டப்பாவை வாங்கவில்லை.

துணி விஷயத்திலும் அப்படித்தான். சோமனூரில் தறி வைத்திருக்கும் சக ஊழியர் ஒருவர் சாயம் போடாத பருத்தித் துணி கொண்டுவந்து கொடுத்தார். அதை வெட்டி, ஓரம் தைத்து, இடுப்புத் துணியாக்கினோம். திருப்பூருக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய சட்டைகளையும் கவுன்களையும் ஒரு பை நிறைய அள்ளி வந்தேன். எல்லாமே ஒரு வயதுக் குழந்தை அளவு. இப்போதைய அளவு வாங்கினால் இரண்டு மாதத்தில் பத்தாமல் போகும், அது தண்டச் செலவு. வளர வளர எடுத்துப் போடலாம் என்று பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்தேன்.

இதெல்லாம் வெறும் கஞ்சத்தனம் என்று என் மனைவி சொல்வாள். பாதி உண்மை. மீதிப் பாதி பயம். எங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய் சொத்து மாதிரி இறங்கி வருகிறது. தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருக்கிறது, எனக்கு முப்பத்து நான்கு வயதிலேயே "பார்டர்ல நிக்கறீங்க" என்று சொல்லிவிட்டார்கள். என்னோடாவது இது நிற்க வேண்டும், என் மகளுக்கு வரக் கூடாது என்று அவள் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

கடை டப்பாக்கள் எதுவும் தேறாததால் வீட்டிலேயே சத்துமாவு செய்வதாகத் தீர்மானம் ஆனது. ராகியை முளைகட்டி, மாடியில் காயவைத்து, வறுத்து, பாசிப்பயறும் பொட்டுக்கடலையும் சேர்த்து, தெருவுக்குள் இருக்கும் மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். மில் நடத்தும் அக்கா என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது முக்கால் கிலோகூட வராதுங்க. ரெண்டு கிலோவுக்குக் கொறஞ்சா மிஷின் ஓட்டறதில்லீங்க. பாதி மாவு உள்ளயே ஒட்டிக்கிட்டு நின்னுரும். அப்பறம் மாவு கொறையுதுன்னு எங்கூடத்தான் சண்டைக்கு வருவீங்க."

"கொழந்தைக்குங்கக்கா."

"கொழந்தைக்குன்னா காத்தால மொத அரவையா போட்டுத் தாரேன். மொளகாய்க்குப் பின்னால போட மாட்டேன். ஆனா ரெண்டு கிலோ வேணுமுங்க."

இரண்டு கிலோ குழந்தை மாவை வைத்து என்ன செய்வது? வண்டு வந்துவிடும். திரும்பி வரும் வழியில்தான் அந்த யோசனை உதித்தது. அம்மா போன பிறகு எங்களோடு வந்து தங்கிய அப்பாவும் தினமும் காலையில் கஞ்சிதான் குடிக்கிறார். கொள்ளு, வெந்தயம், பார்லி, சாமை, காய்ந்த முருங்கையிலை எல்லாம் போட்டு, சர்க்கரைக்கு நல்லது என்று கடையில் விற்கும் மாவு. கிலோ விலையைச் சொன்னால் அடிக்க வருவீர்கள். அந்தத் தானியங்களையே தனியாக வாங்கி, அவருடையதையும் இவளுடையதையும் சேர்த்து ஒன்றாக அரைத்தால் இரண்டு கிலோவும் ஆயிற்று, ஒரே அரவைக் கூலியும் ஆயிற்று. அதில் சர்க்கரை இல்லை, உப்பு இல்லை, கொழுப்பு இல்லை, நார்ச்சத்து ஏராளம். எந்த டப்பாவின் பின்பக்கத்திலும் நான் தேடித் தேடிக் காணாதது, என் கையாலேயே தயாராகிவிட்டது.

பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்றில் கொட்டி வைத்தேன். அதிலிருந்து காலையில் ஒரு கரண்டி அப்பாவுக்கு, ஒரு ஸ்பூன் மகளுக்கு. மற்ற வேளைகளிலும் அவளுக்கு இதே கஞ்சிதான்; நான் ஷிஃப்டுக்குப் போனால் அப்பா ஊட்டுவார். தொண்டையில் சிக்கக் கூடாதே என்று அவளுக்கு மட்டும் தண்ணீராகக் காய்ச்சுவேன்.

முதல் நாளே என் மனைவி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, கசக்குதுங்க."

"இப்பவே கசப்புக்குப் பழகிட்டா பின்னால இனிப்பு கேக்க மாட்டா."

"அவ பல்லே இன்னும் ரெண்டுதான் வந்திருக்குது. பின்னாலயாமா, பின்னால!" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு ஓடினாள்.

ஆனால் என் மகள் குடித்தாள். இதை நான் எல்லோரிடமும் பெருமையடித்தேன். மற்ற வீடுகளில் நிலாவைக் காட்டி, நாயைக் காட்டி, செல்போனைக் காட்டி ஊட்டுகிறார்கள். எங்கள் அம்மணி ஸ்பூனைக் கண்டாலே வாயைத் திறப்பாள். கிண்ணம் காலியானாலும் திறந்த வாய் மூடாது. வழித்து வழித்து ஊட்டிவிட்டு, "அவ்வளவுதான் சாமி, தீந்து போச்சு" என்று வெறும் கிண்ணத்தைக் காட்டுவேன். சிணுங்குவாள். டப்பாவில் போட்டிருந்த அளவுக்கு மேல் கொடுத்தால் செரிக்காது என்று நிறுத்திவிடுவேன். கடை டப்பாவின் அளவைத்தான் சொல்கிறேன். வாங்காத டப்பாவில் படித்தது.

எட்டாம் மாதம் எடை பார்த்தபோது முந்தின மாதத்து எடையே இருந்தது. பல் முளைக்கிறது, அதனால்தான் என்றார்கள். ஒன்பதாம் மாதமும் முள் அதே இடத்தில் நின்றது. டாக்டரம்மா தடுப்பூசி அட்டையில் இருந்த எடைக் கோட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். மேலே ஏற வேண்டிய கோடு தரையோடு படுத்திருந்தது.

"என்ன குடுக்கறீங்க?"

"வீட்டுல அரைச்ச சத்துமாவுங்க."

"நல்லதுதான். அடுத்த மாசமும் கூடலைன்னா ரத்தம் எடுத்துப் பாக்கணும். இன்னும் சில டெஸ்டும் இருக்கு."

அந்த மாதம் எப்படிப் போனது என்று எனக்கு ஒழுங்காக நினைவில்லை. என்ன டெஸ்ட் என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நன்றாகச் சாப்பிடுகிற குழந்தை ஏன் வளரவில்லை? சாப்பிடாவிட்டால் ஒரு காரணம் இருக்கும். இவள் தான் சாப்பிட்டதோடு நிற்காமல் என் விரலையும் சப்பினாள். தண்ணீரை மாற்றினேன். பாத்திரத்தை மாற்றினேன். பாத்திரம் கழுவும் சோப்பை மாற்றினேன். சோமனூர்த் துணியில் ஏதாவது இருக்குமோ என்று எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு அலசினேன். பீரோவைத் திறந்தால் கீழ்த்தட்டில் திருப்பூர் கவுன்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

கடைசியில் என் தொழில் புத்தி வேலை செய்தது. பம்பில் தண்ணீர் குறைந்தால் பம்பைக் குறை சொல்வதற்கு முன் மீட்டரைச் சோதிப்பது எங்கள் வழக்கம். ஆஸ்பத்திரித் தராசு தப்பாக இருந்தால்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனேன். எலக்ட்ரானிக் தராசின் தட்டில் அவளை உட்காரவைத்தேன்.

"ஐயையோ, என்னுங்க இது! பச்சக் கொழந்தையக் கொண்டாந்து மாவு நிறுக்கற தட்டுல வெப்பாங்களா? கண்ணு படுமுங்க" என்று மில் அக்கா பதறினார்.

என் மகள் தட்டில் இரண்டு கைகளாலும் அடித்துச் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் காட்டிய அதே எண்தான் சிவப்பாக எரிந்தது. தராசு சரி. அவளைத் தூக்கி, பின்பக்கத்தில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டேன். அந்தத் தட்டில்தான் மாதாமாதம் இரண்டு கிலோ மாவை நிறுத்து வாங்கிப் போகிறேன் என்பது அப்போது எனக்கு எதையும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு சந்தோஷமும் நடந்தது. அப்பாவின் சர்க்கரை இறங்கியிருந்தது. உடம்பும் இளைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார். "எம்பையன் அரைச்ச மாவு. பேத்தியும் நானும் ஒரே மாவுதானுங்க குடிக்கறோம்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கும் அது ஒன்றுதான் ஆறுதல்.

பத்தாம் மாதம் என் மனைவி லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். முள் நகரவில்லை. டாக்டரம்மா டெஸ்டுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, "அந்தச் சத்துமாவுல என்னென்ன போடறீங்க?" என்றார். நான் ஒப்பித்தேன். ராகியில் தொடங்கி, கொள்ளு, வெந்தயம், பார்லி, முருங்கையிலை வரை ஒன்று விடாமல். சர்க்கரை, நெய், எண்ணெய் எதுவும் கிடையாது என்பதையும் அழுத்திச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வீட்டுல வேற யாராவது இதைக் குடிக்கறாங்களா?"

"எங்கப்பா குடிக்கறாருங்க. சுகர் நல்லா கண்ட்ரோல் ஆயிருச்சுங்க. மூணு மாசத்துல நாலு கிலோ கொறைஞ்சிருக்காருங்க!"

பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. என் மனைவி என்னைப் பார்க்காமல் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. "அது பெரியவங்க உடம்பு இளைக்கறதுக்கான மாவுங்க. அதையும் தண்ணியா காய்ச்சிக் குடுக்கறீங்க. வயிறு ரொம்பற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல பசிக்கும். கொழந்தைக்குக் கொழுப்பு வேணும். நெய் ஊத்துங்க, பருப்பு சோறு பிசைஞ்சு குடுங்க, முட்டை குடுங்க. ஒரு மாசம் பாக்கலாம், டெஸ்ட் அப்பறம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எழுதிய சீட்டைக் கிழித்தார்.

வீட்டுக்கு வந்து அந்த மாவில் கொஞ்சம் காய்ச்சி, முதல் தடவையாக நான் குடித்துப் பார்த்தேன். ஆமாம், முதல் தடவை. ஊரில் உள்ள டப்பாவின் பொடி எழுத்தையெல்லாம் படித்தவன், என் குழந்தைக்கு ஊட்டியதை மூன்று மாதமாக ஒருமுறைகூட வாயில் வைத்ததில்லை. வெந்தயக் கசப்பு அடித்தொண்டையில் நின்றது. இரண்டாவது ஸ்பூன் என்னால் விழுங்க முடியவில்லை. கிண்ணத்தோடு சமையலறையில் நின்று அழுதேன். அப்பா எட்டிப் பார்த்து, "விடு சாமி, வேணும்னா செஞ்ச?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். நெய் பாட்டில்கள் முன்னால் நின்றபோது தலை சுற்றியது. இத்தனை நாள் எதைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டேனோ அதையே இப்போது தேட வேண்டும். கை பழக்கதோஷத்தில் கொழுப்பு குறைத்த பால் பாக்கெட்டை எடுத்து, பிறகு திரும்ப வைத்தது. கடைப் பெண்ணிடம், "கொழந்தைக்கு நல்ல நெய் எதும்மா?" என்று கேட்டேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். நான் யாரிடமாவது கேட்டது அதுதான் முதல் முறை.

நான்காம் நாள் காலை. குழைத்த பருப்பு சோறு, அதில் நெய். பாதிக் கிண்ணம் போனதும் என் மகள் வாயை மூடிக்கொண்டாள். ஸ்பூனைக் கொண்டுபோனால் தலையைத் திருப்பினாள். இன்னொரு தடவை கொண்டுபோனேன், கையால் தட்டிவிட்டாள். இதுவரை ஒருநாளும் வேண்டாம் என்றதில்லையே! நெய் ஒத்துக்கொள்ளவில்லையா, உள்ளே ஏதாவது கோளாறா? ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"சாப்பட மாட்டீங்கறா. வாயவே தொறக்க மாட்டீங்கறா."

"அழுவறாளா?"

"இல்ல. ஸ்பூனப் புடுங்கி வெளையாடிக்கிட்டு இருக்கறா."

எவ்வளவு உள்ளே போனது என்று என் மனைவி கேட்டாள், பாதிக் கிண்ணம் என்றேன்.

"வயிறு ரொம்பிருச்சுங்க" என்றாள்.

அடுத்த மாதம் முள் நகர்ந்தது, டெஸ்ட் எதுவும் தேவைப்படவில்லை, திருப்பூர் கவுன்களில் இரண்டு இப்போது இடுப்பில் பிடிக்கவே செய்கின்றன. ஆனால் அன்று காலை அதெல்லாம் எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு, பாதி சோறு மிஞ்சிய கிண்ணத்தோடு அவள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நல்லாச் சாப்பிடுகிற குழந்தை, நல்லாச் சாப்பிடுகிற குழந்தை என்று மூன்று மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவள் பசியோடு இருந்திருக்கிறாள்.