ஏழாவது பாயிண்ட்

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. இருபத்தெட்டு வருஷம் போலீஸ் கன்ட்ரோல் ரூமில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தவன் நான். எது நடந்தாலும் மணியோடு எழுதிவைத்தே பழக்கம். இதையும் அன்றைக்கே எழுதிவைத்தேன். பேய் என்றால் நடுராத்திரியும் சுடுகாடும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சேதி. இது காலை பத்து மணிக்கு நடந்தது. முன்னால் நாற்பது மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. என் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

பணியில் உயிர்விட்ட போலீஸ்காரர்களின் நினைவாக வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் பைக்கில் ஊர்வலம் போவோம். சேரும் நன்கொடை அவர்களுடைய பிள்ளைகளின் படிப்புக்கு. ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் ஓர் அட்டை, அதில் இறந்த ஒருவரின் பெயர். மலைமேல் நினைவுக் கல் இருக்கிறது. அங்கே போய் எல்லாப் பெயர்களையும் வாசிப்போம், இரண்டு நிமிஷம் நிற்போம், திரும்பிவிடுவோம். ரிட்டயர் ஆன பிறகு எனக்குக் கிடைத்தது கடைசி வண்டி. என் பைக் போகும் வேகத்துக்கு வேறு இடம் யார் கொடுப்பார்கள்?

கடைசி வண்டிக்கு ஒரு வேலை உண்டு. பாதை பிரியும் இடங்களில் முன்னால் போகிறவர்களில் ஒருவர் நின்று வழி காட்டுவார். நான் வந்து கட்டைவிரலை உயர்த்தினால்தான் அவர் நகரலாம். மழையோ வெயிலோ, அதுவரை அசையக் கூடாது. போலீஸ்காரர்கள் போட்ட விதி, வேறு எப்படி இருக்கும்? பந்தோபஸ்தில் நிற்கும் கான்ஸ்டபிளுக்கும் இதே கதைதான். கன்ட்ரோல் ரூமிலிருந்து ‘ரிலீஃப்’ என்ற சொல் வராமல் பாயிண்டை, அதாவது நிற்கச் சொன்ன இடத்தை, விட்டு நகர முடியாது.

என் வண்டியில் மட்டும் பெயர் அட்டை கிடையாது. பின்னால் வந்தவள் ஒரு கான்ஸ்டபிளின் மனைவி. ஆறு வருஷத்துக்கு முன் ஊருக்குள் ஒரு நாற்சந்தியில், லாரி மோதி அவர் செத்துப்போனார். ரிலீஃப் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்தும் தன் இஷ்டத்துக்கு அங்கே நின்றிருந்தார் என்று அறிக்கை எழுதி முடித்துவிட்டார்கள். ஆக, பணியில் இறந்தவர் இல்லை. அட்டையிலும் பெயர் இல்லை, கல்லிலும் இல்லை. அவள் வருஷா வருஷம் மனு கொடுப்பாள், வருஷா வருஷம் அதே பதில் வரும். அந்தப் பெயரைக் கல்லில் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்பாள். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். மேலிடத்தில் எனக்காகப் பேசுங்கள் அண்ணா என்பாள்.

அந்த ரிலீஃபைக் கொடுக்க வேண்டியவன் நான். கொடுக்கவில்லை.

பன்னிரண்டு பாயிண்டுக்கும் நேரத்தை ரிஜிஸ்டரில் முதலிலேயே எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். வேலை சீக்கிரம் முடியும். அன்றும் எல்லாவற்றுக்கும் மதியம் 2.20 என்று எழுதினேன். ஆறாவது பாயிண்டுக்கு ரிலீஃப் சொன்னதும் மேலதிகாரியின் போன் வந்தது. பேசி முடித்து எட்டிலிருந்து தொடர்ந்தேன். ஏழாவது பாயிண்ட்தான் அவர். கொட்டும் மழையில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். வயர்லெஸ் செட்டில் அவர் பேச்சு வரவில்லை. பட்டனை அழுத்தும் சத்தம் மட்டும் வந்தது. டக்... டக்... ஏதோ செட் நனைந்துவிட்டது என்று சத்தத்தைக் குறைத்துவைத்தேன். 4.12-க்கு விபத்துத் தகவல் வந்தது. அப்போதுதான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். மூடிவைத்துவிட்டேன். ஆறு வருஷம் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

இந்த வருஷம் 8.30-க்குக் கிளம்பினோம். வழியில் ஆறு இடங்களில் ஆள் நிற்பதாகப் பட்டியல். அதைப் பெட்ரோல் டேங்கில் ஒட்டியிருந்தேன். மலை ஏறும்போது மூடுபனி. நான்கு பேருக்குக் கட்டைவிரல் காட்டி அனுப்பியாயிற்று.

9.41. ஒரு கிளைச் சாலை. நீண்ட மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் நின்று இடது பக்கம் கை காட்டினார். பட்டியலில் இந்த இடம் இல்லை. பக்கத்தில் பைக்கும் இல்லை. உள்ளூர்க்காரர் யாரோ உதவுகிறார் என்று தாண்டிப் போய்விட்டேன்.

9.44. ஹெல்மெட்டுக்குள் இருந்த ஸ்பீக்கரில் ஒரு சத்தம்.

டக்... டக்...

முன்னால் போகும் இன்ஸ்பெக்டரோடு பேசுவதற்காக வைத்த ஸ்பீக்கர் அது. கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கூடுதலாக யாரையாவது நிறுத்தினீர்களா என்றேன். ஆறு என்றால் ஆறுதான், காலையில் சாப்பிட்டீர்களா இல்லையா என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

9.52. அடுத்த வளைவு. அதே மழைக்கோட்டு.

எங்களைத் தாண்டி எந்த வண்டியும் போகவில்லை. மலைப்பாதையில் குறுக்கு வழியும் கிடையாது. மழை ஒரு துளிகூட இல்லை. ஆனால் அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலடியில் குளமாகத் தேங்கியிருந்தது. நான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன்.

பின்னால் இருந்து அவள் என் தோளைத் தட்டினாள்.

“அண்ணா, அவருக்கு ஏன் கட்டைவிரல் காட்டல?”

“எவருக்கும்மா?”

“ரெண்டு இடத்துல நின்னாரே, அவருக்குத்தான். முகம் தெரியல. பாவம், குளிர்ல நடுங்கறாரு.”

அப்படியானால் அவளுக்கும் தெரிகிறது... திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன்.

9.56. ஸ்பீக்கரை அணைத்தேன்.

9.58. டக்... டக்...

அணைத்த ஸ்பீக்கரில்.

10.04. நடுச் சாலையில் நின்றிருந்தார்.

பிரேக் போட்டேன். நான்கடி தூரம். இன்ஜின் இருமிக்கொண்டே ஓடியது. இந்த முறை அவர் வழி காட்டவில்லை. தொப்பி முகத்தை மறைத்திருந்தது. ஒரு கை தோளில் மாட்டிய செட்டில் இருந்தது. விரல் மட்டும் அசைந்தது.

டக்... டக்...

கட்டைவிரலை உயர்த்தினேன்.

அவர் நகரவில்லை.

கட்டைவிரலுக்கு எந்தக் கான்ஸ்டபிள் நகர்வான்? அவருக்கு வேண்டியது ஒரு சொல்.

சொன்னேன்.

“ஏழாவது பாயிண்ட், ரிலீஃப். நீங்க கிளம்பலாம்.”

“யாருகிட்ட அண்ணா பேசறீங்க?” என்றாள் அவள். இந்த முறை அவர் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். திரும்பினார். பனிக்குள் நடந்தார்... அந்தப் பக்கம் சாலையே கிடையாது. வெறும் பள்ளம்.

10.05. தேங்கிய தண்ணீர் மட்டும் மிச்சம்.

வண்டியை ஓரம் கட்டி, அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, எட்டிலிருந்து தொடர்ந்தது, ரிஜிஸ்டரை மூடியது, ஒன்று விடாமல். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. மேலே போய் எல்லார் முன்னாலும் இதையே சொல்லுங்கள் என்றாள். நினைவுக் கல்லின் முன்னால் நின்று சொன்னேன். அன்று மாலையே எழுதியும் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். கன்ட்ரோல் ரூம் பேச்சு எல்லாம் தானாகப் பதிவாகும். அந்த நாளின் பதிவு வழக்குக் கட்டோடு சீல் வைத்துக் கிடந்தது. ரிஜிஸ்டர் சுத்தமாக இருந்ததால் அதை யாரும் கேட்டுப் பார்த்ததே இல்லை. எங்கள் கண்ணெதிரே சீலை உடைத்தார்கள். பதிவறை ஊழியர், இன்ஸ்பெக்டர், அவள், நான், நான்கே பேர்.

2.20-லிருந்து ஓட விட்டார்கள். ஆறாவது பாயிண்டுக்கு ரிலீஃப். பிறகு எட்டாவது. ஏழு இல்லை. அதற்கப்புறம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் டக்... டக்... இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார். இது போதும், பணியில்தான் இறந்திருக்கிறார், கல்லில் பெயர் ஏறிவிடும் என்றார். அவள் முதல்முறையாக அழுதாள். எனக்கும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஊழியர் பதிவை நிறுத்தப் போனார். கடைசி வரைக்கும் போடுங்கள் என்று அவள் தடுத்தாள்.

4.11.

“ஏழாவது பாயிண்ட், ரிலீஃப். நீங்க கிளம்பலாம்.”

என் குரல்.

அன்று நான் அதைச் சொல்லவே இல்லை. மூன்று வாரத்துக்கு முன், மலைப்பாதையில் சொன்னேன்.

குரலுக்குப் பின்னால் ஒரு பைக்கின் இன்ஜின் இருமிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் ரூம் இருப்பது நான்காவது மாடி. அடைத்த கண்ணாடி ஜன்னல்கள். அங்கே ஏது பைக்?

அடுத்து ஒரு பெண் குரல். “யாருகிட்ட அண்ணா பேசறீங்க?”

ஊழியர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் அவர். அன்று முழுக்க வராத பேச்சு, தெளிவாக வந்தது. “நன்றி சார். கிளம்பறேன்.”

தண்ணீரில் பூட்ஸ் சத்தம். ஒன்று... இரண்டு... மூன்று...

லாரியின் ஹார்ன்.

4.12.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்க சொல்ற வரைக்கும் அவரு உயிரோடதானே அண்ணா நின்னுட்டிருந்தாரு?”