சரளை ரோட்டில் அங்கப்பிரதட்சணம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் விடியற்காலையில் என்னை எழுப்பி, சென்னைக்கு வெளியே ஒரு காட்டோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். சைக்கிள் ஓட்ட. அதாவது, அவன் ஓட்ட... நான் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க.

அங்கே இவனைப் போல இருபது பேர். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை. பாதையைப் பார்த்தால் வெறும் சரளைக்கல். இதற்கென்றே தனி டயர், தனி சைக்கிள். கிராவல் பைக்காம்.

"டிராஃபிக்கே இல்லம்மா. எவ்ளோ நிம்மதியா இருக்கு பாரு" என்றான் மகன்.

குழுவின் தலைவர் என்னிடம் வந்தார். "ஆன்ட்டி, நீங்க எப்பவாவது கிராவல்ல ஓட்டியிருக்கீங்களா?" என்று எல்.கே.ஜி. குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆரணி. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் பட்டுத் தறிதான். நான் தறியில் உட்கார்ந்தபடியே ஆசிரியப் பயிற்சியும் முடித்திருந்தேன். ஒரு நாள் தபாலில் வேலை உத்தரவு வந்துவிட்டது. களம்பூருக்கு அந்தப் பக்கம், ஒரு குக்கிராமத்துப் பள்ளிக்கூடம்.

களம்பூர் வரை பஸ் உண்டு. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் முட்புதர்க் காட்டு வழியாகச் சரளை ரோடு. நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். பள்ளிக்கூடம் விடுவது நாலரைக்கு. ஆரணிக்குத் திரும்பும் பஸ் ஐந்தேகாலுக்கு. அதை விட்டால் அடுத்தது ஏழரைக்கு.

மாமனார் உத்தரவைப் படித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆறு மணிக்குள்ள வூட்ல இருக்கணும். மொத நாளே தெரிஞ்சிடும். முடிஞ்சா போவட்டும். இல்லன்னா அந்தக் காகிதத்த மடிச்சி வெச்சிடட்டும்."

ஆக, என் உத்தியோகம் முக்கால் மணி நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நடந்தால் போச்சு. சைக்கிள் ஓட்டினால் உண்டு. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வேலையில் சேரப் பன்னிரண்டு நாள் இருந்தது.

என் கணவர் நல்லவர். அப்பாவுக்கு எதிரில் வாய் திறக்காத நல்லவர். ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி, களம்பூரில் சிநேகிதர் வேலை செய்த ரைஸ் மில்லில் ரகசியமாக நிறுத்திவைத்தார். அதோடு அவருடைய வீரம் முடிந்தது.

"நான் கத்துக் குடுக்கறேன்" என்றார் மாமியார்.

"அத்த, உங்களுக்கு சைக்கிள் வுடத் தெரியுமா?"

"தெரியாது. புடிச்சிக்கத் தெரியும்."

மருமகள் மேல் பாசம் என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் இல்லை. மாமனார் ஒன்று சொன்னால் அது நடக்கக் கூடாது என்பது அவருடைய இருபத்தைந்து வருஷக் கொள்கை.

ஆரணியிலேயே பழகியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அன்றைக்கு ஆரணியில் அப்படியென்ன டிராஃபிக்? நாலு பஸ், பத்து நெல் லாரி, கொஞ்சம் மாட்டு வண்டி. அதெல்லாம் ஒதுங்கிப் போகும். ஒதுங்காதது சொந்தக்காரர்கள்தான். பத்தடிக்கு ஒருவர் — "இன்னாம்மா, எங்க போய்கினுகீற?" லாரிக்கு பெல் அடிக்கலாம்... சித்திக்கு அடிக்க முடியுமா? என்னைக் கேட்டால், டிராஃபிக் என்பது வண்டிகள் இல்லை. கேள்விகள்.

கேள்வி இல்லாத ஒரே ரோடு அந்தச் சரளை ரோடுதான். கௌதாரியும் முயலும் எதையும் கேட்பதில்லை.

ஆனால் தினமும் மாமியாரும் மருமகளும் களம்பூர் பஸ் ஏறினால் தெரு சும்மா இருக்குமா? அத்தை தயாராக ஒரு பொய் வைத்திருந்தார். காட்டுக்குள் ஒரு முனீஸ்வரன் கோயில், பத்து நாள் வேண்டுதல். தெருவே உருகிப்போய், எங்கள் சார்பாகவும் வைத்துவிடுங்கள் என்று தேங்காயும் பூஜை சாமானும் கொடுத்தனுப்பியது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னிதான்.

முதல் நாள் ஏழு தடவை விழுந்தேன். இரண்டாம் நாள் ஒன்பது. முழங்கை, முட்டி எல்லாம் சரளை கிழித்த காயம். பக்கத்து வீட்டம்மாள் பார்த்துவிட்டுப் பதறினார்.

"அங்கப்பிரதட்சணம்" என்றார் அத்தை, கண் இமைக்காமல். "கொழந்தைக்கோசரம் உருளுது பாவம்."

அந்த அம்மாள் என் காயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. அத்தைக்குக் கூசவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

நாலு நாளாகியும் நான் நாலு கஜம் தாண்டவில்லை. பெடலை மிதிப்பேன். ஒரு கணம் நிற்பேன். சைக்கிள் சாயும். எழுந்து மறுபடியும் மிதி, நிறுத்து, விழு. ஏன் நிறுத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பயம் என்று நினைத்தேன். அழுதேன்கூட. காகிதத்தை மடித்து வைத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

ஐந்தாம் நாள், கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அத்தை திடீரென்று பிடியை விட்டுவிட்டு நடு ரோட்டில் நின்றார். நான் வழக்கம்போல் விழுந்தேன்.

"ஏ பொண்ணே, நீ சைக்கிள்ல கீறயா, தறியில கீறயா?"

"இன்னாத்த?"

"மிதிச்சிட்டு யாருக்கோசரம் நிக்கற? நாடா எங்க போவுது? யார் புடிக்கறாங்க அத?"

சட்டென்று புரிந்தது. தறிக்குழியில் ஒரு காலால் மிதிகட்டையை மிதித்தால் இழைகள் பிரியும். மிதித்தபடி காத்திருந்து, நூல் சுற்றிய நாடாவை அந்தப் பக்கம் ஓடவிட்டு, பலகையை ஒரு அடி அடித்த பிறகுதான் மறு காலால் மிதிக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து அப்படி மிதித்த கால் இது. பெடலிலும் நாடாவுக்காகக் காத்திருந்தது! கண்ணும் அப்படித்தான். ரோட்டைப் பார்க்காமல், புடவையில் இழை அறுந்திருக்கிறதா என்று தேடுவதுபோல ஹாண்டில்பாரையே முறைத்துக்கொண்டிருந்தது.

"நாடா இல்ல, பொடவ இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா மிதி. ஜல்தி ஜல்தியா மிதி" என்று அத்தை பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தார். எதையும் நெய்யாமல் காலை ஆட்டுவது எனக்குப் புதிது. ஏதோ சோம்பேறித்தனம் செய்கிறமாதிரி இருந்தது. ஆனால் சைக்கிள் ஓடியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அத்தை எங்கோ புள்ளியாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். காலையில் போனது தெரியவில்லை. சாயங்காலம் நாலரைக்கு மணி அடித்ததும் சைக்கிளில் ஏறினேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த ரோட்டில் பாதி வழியில் ஒரு இறக்கம் உண்டு. மிதிக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் புதர், டயருக்கடியில் சரளை பொரிகிற சத்தம், முகத்தில் காற்று. ஒரு ஆள் இல்லை. பிறந்ததிலிருந்து நான் தனியாக இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடிவாரத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறி, மறுபடியும் இறங்கினேன். இன்னொரு தடவையும்.

மூன்றாவது இறக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து தாண்டியிருந்தது. உயிரைக் கொடுத்து மிதித்துக் களம்பூர் சேர்ந்து, சைக்கிளை மில்லில் போட்டுவிட்டு ஓடினால், மணி ஐந்து இருபது.

பஸ் நின்றுகொண்டிருந்தது! கிளப்பிய இன்ஜின் உறுமிக்கொண்டிருக்க, முன்னால் நடு ரோட்டில் என் மாமியார். வேண்டுதல் பாக்கி என்று வீட்டில் சொல்லிவிட்டு மத்தியானமே வந்துவிட்டாராம். பஸ்ஸுக்கு நேரே தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எம்மா, லேட்டாவுது, நவுருமா" என்றார் டிரைவர்.

"அணையட்டும் சாமி. எரியற கற்பூரத்து மேலயா வண்டி ஏத்துவ?"

எந்த டிரைவர் ஏற்றுவார்? அவரே ஸ்டியரிங்கை விட்டுக் கையைக் கூப்பிவிட்டார். கண்டக்டர் விபூதி கேட்டார். நான் தலை குனிந்தபடி ஏறி உட்கார்ந்தேன். அத்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மீதிக் கற்பூரத்தைக் கையால் விசிறி அணைத்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீட்டில் இருந்தோம். முப்பத்தொரு வருஷம் வாத்தியாராக இருந்துவிட்டேன்.

அந்தப் பஸ்ஸில், களம்பூர் தாண்டியதும் அத்தை கேட்டார்.

"ஏன் லேட்டு?"

"செயின் கழண்டுடுச்சி, அத்த."

என் இரண்டு கைகளையும் மடியில் இழுத்துவைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமான கைகள்.

"நாளிக்கு இதே பொய் சொல்றதா இருந்தா, கையில கொஞ்சம் கிரீஸ் தடவிகினு வா."