இரண்டாயிரத்து மூன்று மூட்டை மக்காச்சோளம்

சின்னசேலம் பக்கம் ஒரு மக்காச்சோளக் குடோனில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். யாரையும் லேசில் நம்பாத ஆள் நான். லாரி டிரைவர் சிரித்துப் பேசினால், போய் மூட்டைகளை இன்னொரு தடவை எண்ணுவேன். குடோன் வேலைக்கு அந்தப் புத்தி இல்லாமல் ஆகாது.

ஒரு மழையில் கூரை ஒழுகியது. அட்டியை, அதாவது அடுக்கி வைத்திருந்த மூட்டைகளை, பிரித்து ஈரமில்லாத பக்கம் மாற்றினோம். இருப்பு 2003 இருக்க வேண்டும். எண்ணினால் 2002.

முதலாளி நேராக வாட்ச்மேன் கொளஞ்சியைப் பிடித்தார். "வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆவல, அதுக்குள்ள கைய வெச்சிட்டியா? நட ஸ்டேஷனுக்கு!"

"சத்தியமா நான் எடுக்கலீங்க. வூட்ல வந்து தேடிப் பாருங்க" என்றார் கொளஞ்சி. எனக்கும் அவர்மேல் சந்தேகம்தான்.

கொளஞ்சி சேர்வதற்கு முந்தின நாள், மூட்டைகளின்மேல் கடன் கொடுத்த கம்பெனியின் செக்கிங் ஆபீசர் வந்து இருப்பைப் பார்த்துப் போயிருந்தார். முதலாளி அவரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"நான் எண்ணும்போது 2003 கரெக்டா இருந்துச்சு. அட்டி மேல தளம் போட்ட மாதிரி சமமா இருந்துச்சுங்க. ஒரு மூட்டை தூக்கல் இல்ல, ஒரு மூட்டை பள்ளம் இல்ல" என்றார் ஆபீசர்.

ஆள் ஜாஸ்தியாகவே சொல்கிறாரே என்று எனக்கு உறுத்தியது. சாக்குத் துண்டில் சாக்பீஸால் 2003-ஐ வகுத்துப் பார்த்தேன். ஏழில் ஒன்று மிஞ்சியது. பதினொன்றிலும் ஒன்று, பதின்மூன்றிலும் ஒன்று. நாற்பத்து மூன்று வரை போனேன்; நாற்பத்தைந்தை நாற்பத்தைந்தால் பெருக்கினாலே 2003-ஐத் தாண்டிவிடும், அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பகா எண்!

"எத்தினி அடுக்கு சார் இருந்துச்சு?"

"அது ஞாபகம் இல்ல."

"பரவால்ல. அடுக்குக்கு ஒரே மாதிரி மூட்டை போட்டா, எத்தினி அடுக்கு வெச்சாலும் 2003 சமமா வராது சார். ஒரு மூட்டையாவது மிஞ்சி உச்சில நிக்கும். நீங்க பாத்தப்ப சமமா இருந்துச்சுன்னா அப்ப 2003 இல்ல. 2003 இருந்துச்சுன்னா அது சமமா இல்ல. ரெண்டுல எது சார் நெசம்?"

ஆபீசர் கர்ச்சீப்பை எடுத்தார். "வாசல்லேர்ந்து பாத்தேன். நம்பரை உங்க இருப்பு போர்டுலேர்ந்து எழுதிக்கினேன்."

கொளஞ்சி சேர்வதற்கு முன்பே மூட்டை குறைந்திருக்கலாம் என்று ஆகிவிட, முதலாளி ஸ்டேஷன் பேச்சை விட்டுவிட்டார். நான் எண்ணத் தவறி அந்த மூட்டை லாரியிலேயே குறைந்து வந்ததா, வேறு யாராவது தூக்கினார்களா, இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் கொளஞ்சி என்னிடம் வந்தார்.

"சார், 2003-க்குப் பதிலா ரெண்டாயிரம் மூட்டை வந்திருந்தா?"

"ரெண்டாயிரத்தைச் சமமா அடுக்கலாம்யா. ஆபீசர் சொன்னது பொய்னு தெரிஞ்சிருக்காது."

"அப்ப நான்தான திருடன்?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்துவிட்டார்.

அதன்பிறகும் நான் சந்தேகப்படுவதை விடவில்லை. ஆனால் யார்மேலாவது புகார் வந்தால், சொல்கிறவரிடம்தான் முதலில் கேட்பேன்: "நீ எண்ணினியா?"