பதினேழாம் நம்பர் பேச்சி

தச்சநல்லூரில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது ஏசிக் குளிரும் பிரிண்டர் ரிப்பனின் மை வாசனையும்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாதாம்... கோயிலுக்குள் வருகிற மாதிரி எல்லாரும் பயபக்தியோடு வருவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் இது. எனக்கு இருபத்தொரு வயது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு டேட்டா என்ட்ரி வேலை. விரல் வேகத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு அரையாண்டு மார்க்கை முதல் தடவையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றக் கொடுத்தார்கள். கணக்கில் முப்பத்தைந்துக்குக் கீழே போன பிள்ளைகளுக்கு டிசி கொடுத்து, பிரைவேட்டாக எழுதிக்கோ என்று அனுப்பிவிடுவார்கள். பப்ளிக் பரீட்சையில் எங்கள் ஸ்கூலில் எல்லாரும் பாஸ் என்று அவர்கள் காட்டவேண்டுமே.

கணக்கு சாரே மார்க் ரெஜிஸ்டரோடு வந்தார். தற்காலிக வேலையில் இருந்த சின்ன வயதுக்காரர். அவர் வாசிக்க வாசிக்க நான் அடிக்கவேண்டும். நம்பரைச் சொல்லாமல் மார்க்கை மட்டும் சொன்னால் சீக்கிரம் முடியும் என்று சொன்னது நான்தான். சாருக்கும் சீவலப்பேரி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

பதினைந்தாவது பிள்ளையோடு கரண்ட் போனது. முக்கால் மணி நேரம். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து அவர் வாசித்தார், நான் அடித்தேன்...

கடைசியில் ஒரு பிள்ளைக்கு மார்க் இல்லை.

"சார், நாப்பத்திரெண்டுக்கு மார்க் இல்லையே?"

"இந்த கிளாஸ்ல ஒரு ஆப்சென்ட் உண்டு மேடம். அவளாத்தான் இருக்கும். ஏபி போட்டுருங்க."

போட்டேன். பிரிண்ட் எடுத்து, ஓரத்து ஓட்டைக் காகிதத்தைக் கிழித்து, மடித்துக் கொடுத்தேன். மறுநாளே அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்களாம்.

நாலு நாள் கழித்து ஒரு அப்பாவும் மகளும் சென்டருக்கு வந்தார்கள். வயல் வேலை பார்க்கிறவர். காலில் செருப்பு இல்லை. ஆனாலும் வாசலில் நின்று பாதத்தை மிதியடியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பிள்ளை பெயர் பேச்சியம்மாள். கையில் கணக்கு விடைத்தாளைச் சுருட்டிப் பிடித்திருந்தது.

"எம்மா, பேப்பர்ல எழுவத்தி நாலு போட்டிருக்கு. போர்டுல பத்தொம்போதுன்னு இருக்கு. எட்மாஸ்டர்ட்ட கேட்டா, செவப்பு மை எந்தக் கடையிலயும் கெடைக்கும், கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்காவ. தப்புன்னா கம்ப்யூட்டர்காரங்க எழுதித் தரட்டும்ங்காவ."

"கணக்கு சார் என்ன சொல்லுதாவ?" என்று கேட்டேன்.

பேச்சிதான் பதில் சொன்னாள். "சார் தலையக் குனிஞ்சிட்டாவக்கா."

பின்னால் மேஜையில் முதலாளி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். "பிளாப்பியப் போட்டு இன்னொரு தடவ எடுத்துக் குடும்மா. நாம எதுவும் எழுதித் தர வேண்டாம்," என்றார். இதே மார்க் வேலைக்காக இன்னும் மூன்று பள்ளிக்கூடங்களிடம் அவர் பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

பிளாப்பியைப் போட்டேன். திரையில் பதினாறுக்கு நேராக எழுபத்து நான்கு. பதினேழு பேச்சியம்மாளுக்கு நேராகப் பத்தொன்பது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பரீட்சைக்கு வராதது பதினாறாம் நம்பர். கரண்ட் வந்த பிறகு சார், ரெஜிஸ்டரில் ஆப்சென்டுக்குப் போட்டிருந்த வெறும் கோட்டைத் தாண்டி அடுத்த மார்க்கை வாசித்திருக்கிறார். அதற்குக் கீழே எல்லாருடைய மார்க்கும் ஒரு வரி மேலே ஏறிவிட்டது. மார்க் கூடின பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. கடைசிப் பிள்ளைக்கு மறுபரீட்சை வைத்துவிட்டார்களாம். பெயில் ஆனவளுக்குத்தான் ஒன்றும் கிடையாது.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்... அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரிண்ட் கொடுத்தேன். கிர்ர்... கிர்ர்... என்று அதே பத்தொன்பது வந்தது.

பேச்சி விடைத்தாளைப் பிரித்து என் பக்கம் நீட்டினாள். "எக்கா, இதப் பாருங்கக்கா. எல்லாக் கணக்கும் சரின்னு சாரே டிக் போட்டிருக்காவ."

நான் கையை நீட்டவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவள் அப்பா பிரிண்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு தடவ கேட்டும் பெட்டி அதத்தான் சொல்லுது தாயி. இனிமே யார்ட்ட போயிக் கேக்க? வா." என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவ்வளவு பைய, மெதுவாகச் சொன்னார்.

அண்ணாச்சி அன்று சாயங்காலம் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். நானும் வெட்கம் இல்லாமல் குடித்தேன்.

மூன்று வருஷம் கழித்துப் பேச்சியைப் பார்த்தேன். பீடிக்கடை வாசலில், சுற்றின பீடியைக் கொடுக்க வரிசையில் நின்றாள். அவள்தான் முதலில் கூப்பிட்டாள்.

"எக்கா, இப்பவும் அங்கனதான் வேலையா?"

"ஆமா. நீ பரீட்ச எழுதலியா?"

"இல்லக்கா. பெயிலானவளுக்கு எதுக்கு இன்னொரு பரீட்சன்னு அப்பா விடல. எனக்கே கொஞ்ச நாள்ல சந்தேகம் வந்துட்டு... ஒருவேள நாந்தான் தப்பாப் போட்டிருப்பனோன்னு."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பஸ் வருகிறது என்று ஓடிவந்துவிட்டேன். பஸ் எதுவும் வரவில்லை.

போன மாசம் என் மகளுக்கு ப்ளஸ் டூ ரிசல்ட். போனில் வந்தது. கணக்கில் மார்க் குறைகிறது என்று அழுதாள். விடைத்தாள் நகலுக்கு அப்ளை பண்ணினோம். வீட்டில் உட்கார்ந்தபடியே டவுன்லோட் பண்ணி, ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிப் பார்த்தோம். கூட்டலில் தப்பு இருந்தது. திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

"பாத்தியாம்மா, கேட்டாக் கிடைக்கும்," என்றாள் மகள்.

பேச்சியும் கேட்டாள். நகல் இல்லை, அசலையே கையில் கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கிப் பார்க்கவில்லை.